ரேடியோக்காரர் வைத்த போட்டி

உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டு ரேடியோ முதன்முதலாகப் பாடவிருந்த சாயங்காலம். சம்பந்தி வீட்டாரை அழைத்து, முதலில் வருவது ஆண் குரலா பெண் குரலா என்று போட்டியும் வைத்திருந்தேன். பரிசு பலாப்பழம். இந்த யோசனையில் எனக்குப் பெருமை வேறு.

ரேடியோ பொருத்தத் திருச்சியிலிருந்து வந்தவர் ஒல்லி மனிதர். குமிழைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார்.

"பாடலேன்னா என்ன ஆட்டம் சார் வச்சிருக்கீங்க?" என்றார்.

ஆறு மணிக்கு வெறும் இரைச்சல்தான் வந்தது. சம்பந்தி என்னை முறைத்தார். ரேடியோக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "இது என்ன சத்தம்னு சொல்றவங்களுக்குத்தான் பலாப்பழம்!" என்றார்.

"வடை வேகுது!" என்றார் ஒருவர்.

"எங்க வூட்டுக்காரர் கொறட்டைங்க!" என்றார் சம்பந்தியம்மாள். சம்பந்தியே சிரித்துவிட்டார்.

ஆட்டத்தின் பாதியில் பாட்டு வந்தது. "அத நிறுத்துங்க, ஆட்டம் முடியல!" என்று கத்தினார்கள். அவர் குமிழை லேசாகத் திருப்பி, அதே இரைச்சலை உடனே கொண்டுவந்தார்.

முதலில் வந்த இரைச்சலும் அவர் கைவேலைதானோ என்று இன்னும் யோசிக்கிறேன்.