எனக்கு வேண்டியிருந்த இருட்டு

எனக்குச் சிரிப்பு வந்தால் என் முகம் என் சொல் கேட்காது. கண் இரண்டும் மூடிவிடும், தோள் குலுங்கும், கண்ணீர் வழியும், தொண்டையிலிருந்து சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல ஒரு சத்தம் வரும். நாலு பேர் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்ளும் என்னைப் போல ஒருவனுக்கு இப்படி ஒரு சிரிப்பு எப்படி வந்து சேர்ந்தது என்று எனக்கே தெரியாது.

நான் வேலை செய்வது ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில். அங்கே கூரை முழுக்க வெள்ளை லைற். ஓர் ஆளுக்கு நிழல்கூட விழாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் ஏதோ பகிடி விட்டார். நான் வெடித்துவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனிதர். எனக்குச் சாப்பாடு தொண்டையில் அடைத்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்து, பின்னால் நின்று வயிற்றைக் கட்டிப் பிடித்துத் தூக்கித் தூக்கிக் குலுக்கினார். அவர் குலுக்கக் குலுக்க எனக்கு இன்னும் சிரிப்பு. கடைசியில் களைத்துப்போய் நான் அடங்க, எல்லோரும் கை தட்டினார்கள். சிரித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லுமளவுக்கு இங்கிலீசும் என்னிடம் இல்லை. ஆகவே அவருக்கு நன்றி சொன்னேன். இன்றைக்கும் அவர் என் உயிரைக் காப்பாற்றியவர் என்றுதான் அங்கே கதை. அதற்குப் பிறகு நான் வேலையிடத்தில் சிரித்ததில்லை. வெளியில், கலியாண வீடுகளில், கோயில் முற்றத்தில்கூடச் சிரித்ததில்லை. சிரிப்பு வரும்போல இருந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

எனக்குச் சிரிக்க ஓர் இடம்தான் இருந்தது. தமிழ்ப்படம் ஓடும் தியேட்டர், கடைசி வரிசை, மூலைக் கதிரை. லைற் அணைந்தால் நான் வேறு ஆள். சிரித்துத் தீர்த்துவிட்டு, முடிகிற நேரம் பார்த்து லேஞ்சியால் முகத்தைத் துடைத்துவிடுவேன். லைற் வரும்போது செத்த வீட்டுக்கு வந்தவன் போல இருப்பேன். பக்கத்தில் இருக்கும் மனைவிக்குக்கூட என் முகம் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மகள் கலியாணம் முடித்து ஒஷாவா நகரத்துக்குப் போனதும் மல்வேர்னில் எங்கள் வீட்டின் நிலத்துக்குக் கீழுள்ள பேஸ்மென்ற் வெறுமையானது. அடுத்த கிறிஸ்மஸுக்கு அவளும் மருமகனும் ஒரு புரொஜெக்ரர் வாங்கி வந்து தந்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டுக்குள் ஒரு தியேட்டர். அதைவிட, வீட்டுக்குள் ஓர் இருட்டு. நான் விரும்பிய நேரம் போட்டுக்கொள்ளக்கூடிய என் சொந்த இருட்டு.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம்தான். வேலை முடிந்து வந்ததும் பேஸ்மென்ற் தரையில் மல்லாந்து படுத்து முகட்டைப் பார்ப்பேன். எந்த லைற் எங்கே வந்தால் திரையில் வெளிச்சம் விழும், எங்கே வந்தால் விழாது என்று யோசித்து, கதிரையில் ஏறி அடையாளத்துக்கு நாடா ஒட்டுவேன். பிறகு இறங்கிப் படுத்துப் பார்ப்பேன். பிழை என்று தெரிந்தால் ஏறிக் கழற்றுவேன். ஒருநாள் மனைவி உடுப்புத் தோய்க்க இறங்கி வந்தவள், நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் நன்றாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் இன்னும் கோபப்பட்டாள்.

மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு எலக்ரீசியன் வந்தார். மட்டக்களப்புப் பக்கத்துப் பொடியன், கலகலப்பானவர். திரைக்குக் கிட்ட இருக்கும் லைற்றுக்குத் தனிச் சுவிச்சு வேண்டும், முகட்டுக்கு மினுங்காத கறுப்புப் பெயின்ற் அடிக்கவேண்டும், எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிற மாதிரிப் போடவேண்டும் என்று விளங்கப்படுத்தினார். எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. யாரும் ஒன்று சொன்னால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. இருந்து பார்க்கிற செற்றிக்குக் கீழே நீல லைற் போடுவோமா என்றார். ஓம் என்றேன். கோப்பை வைக்கிற இடத்துக்கு ஊதா? ஓம். முகட்டில் நட்சத்திரம் மின்னுகிற மாதிரி? அதற்கும் ஓம். மனைவி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் இறங்கி வந்து, இது வீடா அல்லது கலியாண மண்டபமா என்று கேட்டு அத்தனையையும் வெட்டிவிட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இடைவேளைக்கு ஒரு லைற். படம் பாதியில் நிற்கும்போது தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுக்கிற அளவுக்கு வெளிச்சம் மெல்ல வரவேண்டும். எலக்ரீசியன் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லி, ரிமோற்றில் அதற்கென்றே ஒரு பொத்தான் வைத்துத் தந்தார்.

எல்லாம் சரி. ஆனால் சுவரில் திருஇருதய ஆண்டவர் இருந்தார்.

இந்த வீட்டை வாங்கிய புதிதில் மேலே வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் பேஸ்மென்றில்தான் இருந்தோம். பங்குச் சுவாமி வந்து ஆசீர்வதித்து அந்தப் படத்தை அங்கேதான் மாட்டினார். படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்ப். கரண்ட் போனால் தவிர அது அணைந்ததில்லை. சின்னது என்றுதான் பெயர். மற்ற எல்லா லைற்றையும் அணைத்துப் பார்த்தால் அறை முழுக்கச் சிவப்பு. நான் இருக்கப்போகிற செற்றி மூலைக்கு அது நேராக அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். மூக்கு, நாடி, பல் எல்லாம் தெரிந்தது.

படத்தை மேலே விறாந்தையில் மாட்டுவோமா என்று மெல்லக் கேட்டேன்.

"சுவாமி மாட்டின இடத்திலை இருக்கட்டும்," என்றாள் மனைவி. "உங்கடை தியேட்டரை வேணுமெண்டால் மேலை மாட்டுங்கோ."

சரி, பல்ப்பை மட்டும் கொஞ்சம் மங்கலாக்க முடியுமா என்று எலக்ரீசியனிடம் தனியாகக் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார்.

"அண்ணன், நான் சைவம். என்ட சாமியெண்டாலும் பேசிப் பாப்பன். உதில நான் கை வைக்கமாட்டன்."

ஆகவே நானே கை வைத்தேன். வேலையிடத்தில் தந்த பிஸ்கட் ரின் ஒன்றை வெட்டி, உள்ளே வெளியே கறுப்பு அடித்து, பல்ப்புக்கு ஒரு மூடி செய்தேன். வெளிச்சம் படத்தின் மேல் மட்டும் விழும், இந்தப் பக்கம் வராது. மனைவி படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஒரு செபம் சொல்லிப் பார்த்தாள். ஆண்டவரின் முகம் தெரிகிறது என்று சொன்னாள். அனுமதி கிடைத்துவிட்டது.

பிறகு யன்னல். பேஸ்மென்ற் யன்னல் நில மட்டத்தில் இருக்கும். பனி கொட்டினால் இருட்டாகிவிடும் என்று நான் சந்தோசப்பட்டிருந்தேன். கொட்டிய பனி யன்னலோடு சேர்ந்து நின்று பால்போல வெளிச்சம் விட்டது. பலகை வெட்டிக் கறுப்புத் துணி சுற்றி அடைத்தேன். படிக் கதவின் இடுக்குக்கும் துணி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே வெயிலும் பனியுமாகக் கண் கூசிக்கொண்டிருக்க, கீழே எல்லா லைற்றையும் அணைத்தேன். என் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தேன். கை இல்லை. எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தில் நடு அறையில் நின்று ஓர் ஆட்டம் ஆடினேன். செற்றியில் முழங்கால் அடிபட்டது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

மனைவியைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை அவளுடைய தம்பி குடும்பமும் மகளும் மருமகனும் வருவதாக இருந்தது. அதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துச் சரி பிழை அறிவோம் என்றேன். ஒரு பழைய பகிடிப் படம் போட்டேன். அவள் ரோல்ஸும் கையுமாக என் பக்கத்தில் இருந்தாள். நான் சிரித்தேன். தியேட்டரில்கூட அப்படிச் சிரித்ததில்லை. கால் இரண்டையும் தூக்கி அடித்துச் சிரித்தேன்.

திரையின் கீழ் மூலை ஒன்று சுருங்கியிருந்தது. அதை இழுத்துவிட எழுந்து முன்னால் போனேன். இழுத்துவிட்டுத் திரும்பினேன்.

மனைவியின் முகம் பளிச்சென்று தெரிந்தது. கண் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது, உதட்டோரம் ஒட்டியிருந்த ரோல்ஸ் தூள் தெரிந்தது. திரையில் விழுகிற வெளிச்சம் முழுக்க அப்படியே திரும்பி வந்து அவள் முகத்தில் நின்றது. முகட்டுக்குக் கறுப்பு அடித்தேன், யன்னலை அடைத்தேன், ஆண்டவரின் பல்ப்புக்கே மூடி போட்டேன். திரையை மட்டும் யோசிக்கவே இல்லை.

"நான் உதிலை இருக்கேக்கை என்ரை முகம் உமக்குத் தெரிஞ்சதோ?" என்று கேட்டேன்.

"தெரியாமல் என்ன."

"முழுக்கவோ?"

"கண்ணீர் வழிஞ்சது வரைக்கும்."

தியேட்டரிலும் இப்படித்தானா என்று கேட்டேன். அவள் ரோல்ஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு படம் பாத்திருக்கிறம். ஒரு படத்தின்ரை கதையாவது நான் உங்களுக்கு ஒழுங்காச் சொல்லியிருக்கிறனோ?"

அப்போதுதான் யோசித்தேன். படம் முடிந்து பஸ்ஸில் வரும்போது அவள்தான் என்னிடம் கதை கேட்பாள். யார் யாரைக் கட்டினது, வில்லனுக்கு என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே வருவாள். இவள் படத்தில் நித்திரை கொள்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வெட்கமா சந்தோசமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சூடு. எல்லாம் தெரிந்தும் ஏன் என்னை இவ்வளவு வேலை செய்யவிட்டீர் என்று கேட்டதற்கு, நான் இவ்வளவு சந்தோசமாக ஒரு வேலை செய்து அவள் பார்த்ததில்லையாம், ஏன் குழப்புவான் என்று விட்டுவிட்டாளாம்.

மனைவி பார்த்தது வேறு. சனிக்கிழமை வரப்போகிறவர்கள் வேறு. அடுத்தநாளே எலக்ரீசியனுக்குப் போன் எடுத்து, திரை வெளிச்சம் ஆட்களின் முகத்தில் படாமல் செய்ய வழி உண்டா என்று கேட்டேன்.

"ஒரு வழி இருக்கண்ணன்," என்றார். "படத்தைப் போடாதீங்க."

ஆகவே நான் எனக்குள் ஒரு முடிவு எடுத்தேன். சனிக்கிழமை தேத்தண்ணி போடுகிறேன், ரோல்ஸ் பொரிக்கிறேன் என்று மேலே குசினியில் நின்றுவிடுவது. அதன்படியே எல்லோரும் இறங்கியதும் கேத்திலை அடுப்பில் வைத்தேன். மகள் வந்து கேத்திலை இறக்கி அடுப்பை நூர்த்தாள். "அப்பா, இற்ஸ் யுவர் தியேட்டர். கம்," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பின் செற்றியில் மூலையைப் பிடித்தேன். பக்கத்தில் மனைவி. மற்ற எல்லோரும் முன்னால். ஒரு குசன் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் பகிடிக்குக் குசனைக் கடித்தேன். இரண்டாவதுக்கு மூச்சைப் பிடித்தேன். மூன்றாவதில் ஒரு பெரிய மனிதர் வழுக்கி விழப்போகிறார் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் விழுவதற்கு முன்பே நான் விழுந்துவிட்டேன். குசன் ஒரு பக்கம் போனது. சைக்கிள் பம்ப் சத்தம் பேஸ்மென்ற் முழுக்கக் கேட்டது.

முன்னால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மைத்துனர் புரொஜெக்ரர் ரிமோற்றை எடுத்துப் படத்தை நிறுத்தினார். படம் நின்றது, வெளிச்சம் நின்றபடியே என் முகத்தில் இருந்தது. எனக்கோ நிறுத்த முடியவில்லை.

"அத்தான்," என்றார் மைத்துனர், "அக்காவைக் கட்டின நாளிலையிருந்து உங்களுக்கு வயித்துக்குத்து எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். உப்பிடிச் சிரிக்கத் தெரிஞ்ச ஆளோ நீங்கள்?"

அதற்கும் எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் செற்றியில் ஏறி முழங்காலில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளும் குலுங்கத் தொடங்கினாள். தலை ஆடி, தோள் ஆடி, அதே பம்ப் சத்தம். மருமகன் அவள் பக்கம் திரும்பிய வேகம் இருக்கிறதே! இந்தச் சத்தத்தை அவள் அவரிடமிருந்து ஒளித்து வைத்திருந்திருக்கிறாள் போல.

அவர்கள் திரும்பியிருந்ததால் திரை அவர்களுக்குப் பின்னால் இருந்தது. எனக்கு அவர்களின் முகம் ஒன்றும் தெரியவில்லை, கறுப்புத் தலைகள் மட்டும். வெளிச்சம் முழுக்க எனக்குத்தான். லேஞ்சி சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை. மனைவி மட்டும் திரும்பவில்லை. அவள் முதலிலேயே என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், அந்தக் கட்டத்தைத் திருப்பிப் போடட்டோ?" என்று மைத்துனர் கேட்டார்.

"போடு," என்றேன். "கொஞ்சம் முன்னாலையிருந்து போடு."

படம் ஓடத் தொடங்கியது. ஒருவரும் திரையின் பக்கம் திரும்பவில்லை.