எட்டில் ஏழு காட்டிய திரை

அந்தச் சலவை ஆலையில் அவரை எல்லோரும் வடிகட்டி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். கணினியில் தாள்களை வடிகட்டித் தேடுவதற்கு ஒரு நாள் அவர் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். மறுநாள் தேநீர் இடைவேளையில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "வடிகட்டின்னா சும்மா இல்ல, நீங்கள்லாம் மேல தங்கற சக்கை" என்றார். அன்றிலிருந்து பெயர் நிலைத்துவிட்டது.

அது ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய ஆலை. பதினொரு இராட்சத இயந்திரங்கள், ஓயாத நீராவி, நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும் சிமெண்டுத் தரை. அக்கா அங்கே மடிப்பு மேசையில் சேர்ந்தவர். ஒன்பது வருடம் படுக்கை விரிப்பு மடித்தார். சுவரில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். வாசிப்பதோடு நிற்க மாட்டார். "இந்த மூணாவது வரி தப்பு, இப்படிச் செஞ்சா துணி சுருங்கும்" என்று மேல்மாடி அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். தொல்லை தாங்காமல் அவரை மேலேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

மேலே அவருக்காக இருபத்திரண்டு தடித்த கோப்புகள் காத்திருந்தன. எந்தத் துணிக்கு எத்தனை டிகிரி வெந்நீர், எப்போது ப்ளீச், இரத்தக்கறைக்கு என்ன, இயந்திரம் நடுவில் நின்றால் என்ன என்று ஆயிரத்து நூற்றுச் சொச்சம் செய்முறைத் தாள்கள் அவற்றில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு நூலகமாகக் கணினியில் ஏற்ற அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. தாளுக்குத் தாள் எண் கொடுத்தால் போதும் என்றார்கள். அக்கா கேட்கவில்லை. ஈரக் கையோடு வந்து நிற்கிறவனுக்குத் தாளின் எண் ஞாபகம் இருக்காது. எந்த வாடிக்கையாளர், எந்த இயந்திரம், என்ன துணி என்பதுதான் அவனுக்குத் தெரியும். அதனால் அந்த மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்தார். மூன்றையும் தொட்டால் நாலைந்து தாள்தான் மிஞ்சும். படித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இயந்திரங்களுக்கு நடுவே, முன்பக்கம் திறந்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தொடுதிரையும் வைத்தார்கள்.

பிறகு புது மேனேஜர் வந்தார். பழைய தாள்களைப் பார்த்து யாரும் குழம்பக்கூடாது, எனவே கீழே உள்ள திரையில் 'நடப்பில் உள்ளவை' மட்டும் தெரிந்தால் போதும் என்று உத்தரவு போட்டார். அந்தத் திரையில் வேறு எதையும் தேர்ந்தெடுக்க முடியாதபடி அந்தக் கட்டம் பூட்டப்பட்டது. எந்தத் தாளையும் வருடத்துக்கு ஒருமுறை மேனேஜர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். நாள் தவறினால் அந்தத் தாள் தானாகவே 'மறுபரிசீலனையில்' என்று மாறிவிடும். மாறியதும் கீழே உள்ள திரையிலிருந்து மறைந்துவிடும்.

"மறையட்டும் சார், ஆனா மறைஞ்சிருக்குன்னு ஒரு வரி காட்டணும்" என்று அக்கா அன்றைக்கே சொன்னார். "எட்டு இருக்கற இடத்துல ஏழு காட்டினா, அவங்க ஏழுதான் இருக்குன்னு நெனைப்பாங்க."

"ரொம்ப யோசிக்காதீங்கம்மா" என்றார் மேனேஜர்.

பெரியண்ணன் மாட்டிக்கொண்டது அந்த ஏழில்தான்.

பெரியண்ணன் என்று ஆலை முழுக்க அழைக்கப்பட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். பதினான்கு வருடமாக ஓட்டல் துணி போடும் இயந்திரங்களில் நின்றவர். நாலு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார். மூன்றாம் நம்பர் இயந்திரக்காரருக்குக் குழந்தை பிறந்து அவர் விடுப்பில் போனதால், அந்த ஒரு வாரம் பெரியண்ணனை அங்கே நிறுத்தினார்கள். மூன்றாம் நம்பரில் ஆஸ்பத்திரித் துணி மட்டும்தான் ஓடும். அறுவை அறையிலிருந்து கரும்பச்சைத் துணி நானூறு வந்து இறங்கியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் போனார். ஆஸ்பத்திரி என்ற கட்டத்தைத் தொட்டார், மூன்றாம் நம்பரைத் தொட்டார். ஏழு தாள்கள் வந்தன. அறுவை அறைத் துணி என்று எதிலும் இல்லை. 'ஆஸ்பத்திரித் துணி, பொது' என்ற தாளை எடுத்து, வரிக்கு வரி அதன்படியே செய்தார். அந்தத் தாள் இரண்டாவது அலசலில் ப்ளீச் விடச் சொன்னது. விட்டார். நானூறு துணியும் சொறி பிடித்த மாதிரி வெள்ளைத் திட்டுகளோடு வெளியே வந்தன. அந்த ஆஸ்பத்திரி வேறு ஆலைக்குப் போய்விட்டது.

அறுவை அறைத் துணிக்கென்று எட்டாவது தாள் ஒன்று இருந்தது. 'ப்ளீச் கூடவே கூடாது' என்பது அதன் முதல் வரி. ஆனால் நாலாம் தேதியே அதன் நாள் முடிந்துவிட்டிருந்தது. பெரியண்ணன் துணி போட்டது பத்தொன்பதாம் தேதி. மேனேஜர் அதில் கையெழுத்துப் போட்டது இருபதாம் தேதி.

செய்முறையை மீறியதாகப் பெரியண்ணன்மேல் குற்றப்பத்திரிகை வந்தது. விசாரணையில் குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும். அக்காவின் மேசைக்கும் ஒரு தாள் வந்தது. 'சம்பவ நாளில் உரிய செய்முறைத் தாள் கணினி நூலகத்தில் இருந்தது' என்று ஒரே வரி. அதன் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அக்கா அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

"இதுல நான் போடல சார்."

"ஏம்மா, அதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்ல. அதான் பிரச்சினை."

"தாள் இருந்துச்சா இல்லியா?"

"உங்க மேசையில இருந்துச்சு. அவர் திரையில இல்ல."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விசாரணை நாளைக்குக் காலையில. யோசிச்சு வாங்க. உங்க வீட்டுக்காரரும் இங்கதான வண்டி ஓட்றார்?"

அந்தக் கடைசிக் கேள்வி அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவருடைய வீட்டுக்காரர் ஆலையின் விநியோக வண்டி ஓட்டுபவர். இரண்டு சம்பளமும் ஒரே வாசலிலிருந்துதான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை அடுப்படியில் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டே நின்றார். "கையெழுத்துப் போடு, இல்ல லீவு போடு. ரெண்டுல ஒண்ணு."

"ரெண்டும் போடல."

"அப்ப என்னதான் போடப்போற?"

"சண்டை."

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் உள்ளிருந்து, "அப்பா, அந்தப் பச்சைத் துணிய உங்க வண்டிலதானே திருப்பி ஏத்திட்டு வந்தீங்க, நீங்களும் சாட்சிதான்" என்றாள்.

"நீ மொதல்ல பல்லை வெளக்கு" என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி மனைவியிடம் கேட்டார். "அந்த மனுசன் உனக்கு மாமனா மச்சானா? எதுக்கு நீ தலையக் குடுக்கற?"

"என் தேடலை நம்பித்தாங்க அவர் அந்தத் தாளை எடுத்தாரு. தேடாம தன் இஷ்டத்துக்குப் போட்டிருந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். சொன்னபடி கேட்டவரைத் தூக்கிட்டா, நாளைக்கு எவன் அந்தத் திரையைத் தொடுவான்?"

அவர் கையில் சாவிச் சுற்றல் நின்றது.

விசாரணை மேல்மாடிக் கூட்ட அறையில் நடந்தது. விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். குளிர்சாதன இரைச்சலில் பெரியண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டாலும் "பார்த்தேன் சார், இல்ல சார்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து வரவில்லை. மேனேஜர் தன் மடிக்கணினியைத் திறந்து சுவரில் படம் விழச் செய்தார். இரண்டு சொல் அடித்தார். எட்டாவது தாள் பெரிதாக வந்து நின்றது.

"பாருங்க சார். மூணு நொடி. இதைக்கூடத் தேடத் தெரியலன்னா என்ன செய்றது?"

வக்கீல் அக்காவைப் பார்த்தார். "நூலகம் உங்க பொறுப்புதானே? இந்தத் தாள் அன்னிக்கு இருந்ததா?"

"இருந்தது சார். ஆனா இது மேனேஜர் சாரோட திரை. இதுல எல்லாக் கட்டமும் தொறந்திருக்கு. பெரியண்ணன் பார்த்த திரை கீழ இருக்கு. வந்து பாருங்க."

"அதெல்லாம் தேவையில்ல" என்றார் மேனேஜர். "அந்தத் தாள் கீழயும் இப்ப தெரியுது."

"தெரியும் சார். சம்பவத்துக்கு மறுநாள் நீங்க கையெழுத்துப் போட்டீங்க, அதனால தெரியுது. நான் அதைக் காட்டக் கூப்பிடல." அக்கா வக்கீல் பக்கம் திரும்பினார். "இங்க 'ப்ளீச்'னு மட்டும் அடிச்சு, தலைப்புல அந்தச் சொல் இருக்கற தாள் எத்தனை வருதுன்னு எண்ணிக்கோங்க சார்."

பன்னிரண்டு வந்தது. வக்கீல் அதைக் குறித்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்த பிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எல்லோரும் இரும்புப் படியில் இறங்கினார்கள். நீராவியில் வக்கீலின் கண்ணாடி மங்கிப்போனது, பளபளத்த செருப்பு நனைந்தது. இயந்திரக்காரர்கள் வேலையை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, வக்கீலே தன் விரலால் அதே சொல்லை அடித்தார்.

பதினொன்று.

மறுபடி எண்ணினார். பதினொன்றுதான்.

"எது விட்டுப்போச்சு?" என்று கேட்டார்.

"கண்ல ப்ளீச் தெறிச்சா என்ன செய்யணும்கிற தாள் சார். போன வாரம் நாள் முடிஞ்சுது, கையெழுத்து வரல. இவங்கள்ல ஒருத்தருக்கு இப்ப கண்ல பட்டா, இங்க வந்து தேடுவாங்க. பதினொண்ணு வரும். அதுல இல்லன்னா அப்படி ஒரு தாளே இல்லன்னு போயிடுவாங்க. பெரியண்ணன் செஞ்சது இதைத்தான். அவர் சரியாத் தேடினாரு சார். கிடைச்சதைச் சரியாச் செஞ்சாரு."

பிறகு, முன்பே அச்செடுத்து வைத்திருந்த அறுவை அறைத் தாளின் வரலாற்றுப் பக்கத்தை நீட்டினார். நாலு, இருபது என்ற தேதிகளின் அடியில் கோடு போட்டு, நடுவே துணி போட்ட பத்தொன்பதைக் கையால் எழுதியிருந்தார்.

மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. "நாள் முடியற பட்டியல் வாரா வாரம் உங்களுக்குத்தானே வருது? நீங்க என்ன செஞ்சீங்க?"

"உங்களுக்கு மூணு மெயில் போட்டேன். போட்டுட்டு என் வேலை முடிஞ்சுதுன்னு உக்காந்துட்டேன். இந்தப் படி பதினாறு படி. இறங்கி வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அது என் தப்பு. அதையும் எழுதிக்கோங்க சார்" என்றார் அக்கா வக்கீலிடம். "ஆனா அவர் தப்புன்னு மட்டும் எழுதாதீங்க."

பெரியண்ணன் கைகளை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவை ஈரமாக இல்லை.

பத்து நாளில் முடிவு வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. பெரியண்ணன் மறுபடி இயந்திரத்துக்கு வந்தார். வந்த அன்று அக்காவிடம், "தங்கச்சி" என்றார். "போங்கண்ணே, மெஷின் கத்துது பாருங்க" என்று அக்கா அவரை அனுப்பிவைத்தார்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை அக்காவுக்கும் ஓர் உத்தரவு வந்தது. திங்கள்முதல் அழுக்குத் துணி பிரிக்கும் அறையில் வேலை. ஆலையிலேயே யாரும் விரும்பாத அறை அது. முகமூடி, முழங்கை வரை கையுறை, எத்தனை தடவை குளித்தாலும் மூக்கை விட்டுப் போகாத வாடை.

"இது தண்டனை இல்லம்மா, நிர்வாக வசதி" என்றார் மேனேஜர்.

"எதுவா இருந்தாலும் சரி சார். துணி பிரிக்கறது கேவலமா என்ன. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நூலகம் என் பொறுப்புதானே?"

"ஆமா."

"அது போதும்."

தன் இடத்துக்கு வந்து கணினியைத் திறந்தார். கீழே உள்ள திரையின் பூட்டை எடுத்தார். நாள் முடிந்த தாளும் இனி அங்கே தெரியும். மேலே சிவப்பில் 'கையெழுத்துக்குக் காத்திருக்கிறது, மேலே கேட்டுவிட்டுச் செய்' என்ற வரியோடு தெரியும். இந்த மாதிரி மாற்றத்துக்குக் கணினி இரண்டு விவரம் கேட்கும்: மாற்றியவர் யார், காரணம் என்ன. முதல் கட்டத்தில் அக்கா தன் பெயரை முதலெழுத்தோடு முழுசாக அடித்தார். இரண்டாவதில், 'தேடுகிறவனிடம் மறைக்கக்கூடாது' என்று எழுதினார். மணி நாலே முக்கால்.

வீட்டுக்காரர் வண்டியோடு வாசலில் நின்றிருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. திட்டுவார் என்று அக்கா நினைத்தார்.

"பிரிக்கற அறை நான் வண்டி நிறுத்தற இடத்துக்குப் பக்கம்தான்" என்றார் அவர். "டீ நானே கொண்டாந்து தர்றேன். ஏறு."

அக்கா இப்போது அந்த அறையில்தான் இருக்கிறார். ஆஸ்பத்திரி மூட்டையைத் தனியாக, ஓட்டல் மூட்டையைத் தனியாக, பச்சையை வெள்ளையிலிருந்து தனியாகப் பிரிக்கிறார். மூட்டைக்குள் ஊசி கிடந்தால் என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தாளைத் தேடினார், அப்படி ஒரு தாளே எழுதப்படவில்லை. எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டார். தினமும் காலையில் பதினாறு படி ஏறி, மேனேஜர் கதவைத் தட்டி, போட்டாச்சா சார் என்று கேட்கிறார்.

திரையை மறுபடி பூட்டிவிட மேனேஜருக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் பூட்டவும் கணினி காரணம் கேட்கும், எழுதினால் அது பெயரோடும் தேதியோடும் எல்லோர் கண்ணிலும் படும். அந்தக் காரணக் கட்டம் இதுவரை காலியாகவே இருக்கிறது.