அடுத்த வீட்டு மீன்தொட்டி

நான் பொறாமைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம். அடுத்தவள் புடவையையோ நகையையோ பார்த்து எனக்கு என்றும் வயிறு எரிந்ததில்லை. ஓசூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில், பக்கத்து போர்ஷன்காரியின் ஜன்னலோரம் இருந்த மீன்தொட்டியைப் பார்த்துத்தான் எரிந்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கணவருக்கு சிப்காட்டில் வேலை கிடைத்து வந்தோம். பிறகு எனக்கும் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் லைனில் இடம் கிடைத்தது. இது நடந்தபோது மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி வேன் அவளை நாலு மணிக்கு இறக்கிவிடும். என் கம்பெனி பஸ் வர ஆறு ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட் அருகே உட்கார்ந்திருப்பாள். நான் இறங்கியதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். நாள் முழுவதும் குனிந்து குனிந்து பிடித்துப்போன கழுத்துக்கு அதுதான் மருந்து. அதற்காகவே பஸ்ஸில் முன் சீட்டுக்குச் சண்டை போடுவேன்.

பக்கத்து போர்ஷனுக்குக் கெலமங்கலத்துப் பெண் ஒருத்தி குடிவந்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். வீட்டில் தெலுங்கு, காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். அவள் கணவர் ரோஜாப் பண்ணை ஒன்றில் லோடு வண்டி ஓட்டினார். குழந்தை இல்லை. வந்த வாரமே என் மகளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டாள்.

"பொட்டப்புள்ள ரோட்டோரம் உக்காந்துகினு இருக்குதுக்கா. எனக்கு மனசு கேக்கல" என்றாள்.

நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நன்றி ஒரு வாரம் தாங்கியது.

அடுத்த திங்கட்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கேட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். "இரும்மா, சேப்ப குட்டி போடப் போகுது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சேப்ப என்றால் தெலுங்கில் மீன். என் பிள்ளை எனக்கே தெரியாத பாஷையில் என்னைக் காக்கவைக்கிறாள். எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் மூக்கு நசுங்க முகத்தை ஒட்டிவைத்திருந்தாள். அவள் தோளில் அந்தப் பெண்ணின் கை கிடந்தது.

தொட்டி என்று அதைச் சொல்வதே அதிகம். பழைய ஷோகேஸ் கண்ணாடிகளை ஒட்டிச் செய்த பெட்டி. அடியில் மூன்று விரல் உயரத்துக்கு ஏரிச் சேறு, அதன்மேல் மணல். அதே ஏரியில் பிடுங்கிவந்த பாசிகள் நாடா நாடாவாகத் தண்ணீரின் விளிம்புவரை நின்றன. உள்ளே கப்பி மீன்கள், நாலைந்து நத்தைகள். மோட்டாரும் இல்லை, விளக்கும் இல்லை. ஜன்னல் வெயில்தான் எல்லாம். தண்ணீர் வெறும் டிகாஷனில் பாதி நிறத்தில் இருந்தது.

"தண்ணி எப்ப மாத்துவீங்க?" என்று கேட்டேன்.

"மாத்தறதில்லக்கா. கொறஞ்சா கொஞ்சம் ஊத்துவேன். செடி பாத்துக்கும், சேறு பாத்துக்கும். நாம கை வைக்காம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்."

எனக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பான அந்தத் தொட்டி அத்தனை அழகாகவும் இருந்தது என்பதுதான் கோபம்.

என் வேலை அப்படிப்பட்டது. லைனுக்குள் போகும்முன் தலைக்குத் தொப்பி, காலுக்குத் தனிச் செருப்பு, விரல்களுக்கு உறை. மேஜையில் ஒரு துளி தூசி இருந்தால் சூப்பர்வைசர் விரலால் தொட்டு எடுத்து என் கண்ணெதிரே நீட்டுவார். ஐந்து வருஷம் அங்கே இருந்தவளுக்குத் தூசிதான் எதிரி, சுத்தம்தான் திறமை. சேற்றைக் குவித்துவைத்துக்கொண்டு ஒருத்தி என் பிள்ளையை மயக்குவதா? ஒரு விடுமுறை நாளில் கணவரை இழுத்துக்கொண்டு பெங்களூர் போனேன். பெரிய தொட்டி, மோட்டார், வெள்ளைக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடும் ஒரு பொம்மை முதலை, எட்டு தங்க மீன்கள். பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

மகள் குதித்தாள். மறுநாள் மாலை கேட்டிலேயே நின்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஞாயிறுதோறும் தொட்டியைச் சுத்தம் செய்தேன். சுத்தம் என்றால் எங்கள் கம்பெனிச் சுத்தம். மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை முழுக்கக் கொட்டி, ஒவ்வொரு கல்லையும் வெந்நீரில் அலசி, கண்ணாடியைத் துணியால் துடைத்து, புது போர் தண்ணீரை நிரப்புவேன். எதிர்ச்சுவர் தொட்டிக்குள்ளேயே இருப்பதுபோல் தெரியும். "நீ மீன் வளக்கிறியா, பாத்திரம் கழுவுறியா?" என்று கணவர் கேலி செய்வார். மூன்றாவது ஞாயிறுக்குப் பிறகு மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. நான் இன்னும் அதிகமாகக் கழுவினேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? மிஞ்சிய இரண்டையும் மின்வெட்டு கொண்டுபோயிற்று. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போன காலம் அது. மோட்டார் நின்றால் அவை மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரு நாள் நான் வருவதற்குள் மிதந்துவிட்டன.

பக்கத்து வீட்டில் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன. கப்பிகள் வதவதவென்று குட்டி போட்டுக்கொண்டிருந்தன.

மகள் அழவில்லை. சாப்பிடும்போது நிதானமாகச் சொன்னாள். "ஆன்ட்டி வீட்டுத் தண்ணி அழுக்காத்தான் இருக்கு. ஆனா மீனுக்குப் பிடிக்குதும்மா."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வேலைக்குப் போக வேண்டாம், பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டாம், வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று அடிக்க வேண்டாம். மீனைக் காட்டிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறாள். அடித்து வளர்க்கிற நான் கெட்டவள். மறுநாளே இன்னொரு சாவி செய்து ரிப்பனில் கோத்து மகளின் கழுத்தில் மாட்டினேன். "வேன்லருந்து இறங்குனா நேரா வீட்டுக்கு. உள்ளருந்து பூட்டிக்கோ. பக்கத்து வீட்டுப் படி ஏறுனேன்னு தெரிஞ்சா காலை ஒடிச்சிருவேன்" என்றேன். தலையாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எங்கள் தொட்டி மீன் இல்லாமலே ஓடியது. எடுத்து வைத்தால் தோற்றதாக ஆகிவிடும் என்று, வெறும் தண்ணீரில் முதலையை வாய் திறந்து மூடவிட்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் ஓவர்டைம். வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிட்டது. மகள் சீருடையோடு கட்டிலில் தூங்கிப்போயிருந்தாள். சமையலறை சிங்க்கில் அவளது டிபன் பாக்ஸ், அதன் மூலையெல்லாம் கறுப்புச் சேறு. திரும்பிப் பார்த்தால் என் மீன்தொட்டி கலங்கிப் பழுப்பாக நின்றது. மோட்டாரைப் பிடுங்கிப்போட்டிருந்தது. வெள்ளைக் கல்லின்மேல் சேறு, சேற்றில் சாய்வாய் நட்ட நாலைந்து பாசி. கண்ணாடி முழுக்கச் சின்ன விரல் தடம்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைக் குத்திக்காட்ட ஆள்விட்டுச் செய்தது போலத்தான் எனக்குத் தோன்றியது. யாரையும் எழுப்பவில்லை, எதையும் கேட்கவில்லை. ட்யூபைச் சொருகி மொத்தத்தையும் குளியலறைச் சாக்கடையில் விட்டேன். அடிச்சேற்றைக் கையால் வழித்துப் போட்டு, மேலே இரண்டு வாளித் தண்ணீரையும் ஊற்றிவிட்டேன். சத்தத்தில் மகள் எழுந்து வந்து குளியலறை வாசலில் நின்றாள்.

"அதுல குட்டி போடப் போற மீன் இருந்துச்சும்மா."

"யாரு உன்னை இதெல்லாம் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீதான அங்க போகக் கூடாதுன்ன. அதான் கேட் பக்கத்துல நின்னு ஆன்ட்டிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். இங்கயே இருந்தா நீ வந்ததும் ரெண்டு பேரும் பாக்கலாம்ல."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சேறு படிந்த கையோடு சாக்கடை ஓட்டையருகே குனிந்தேன். சல்லடையைத் தூக்கித் துழாவினேன். பாசிதான் கையில் வந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். வாளியோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நடந்ததைச் சொல்லி, சேறு கேட்டேன். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சேறு, மணல், பாசி, ஒரு குடம் பழைய தண்ணீர், வயிறு உப்பிய கப்பிகள் மூன்று, எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். "ஒரு மாசம் கை வைக்காதீங்கக்கா. அது ஒண்ணுதான் கஷ்டம்" என்றாள். அந்தப் பொறுமையைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கை துறுதுறுக்கும், கேஸ் அடுப்பைத் தேய்த்துத் தீர்த்துக்கொள்வேன். கலங்கல் தெளிந்தது. பாசி நிமிர்ந்தது. ஒரு மாலை, கடுகளவு கண்களோடு குட்டிகள் பாசி இடுக்கில் நிற்பதைப் பார்த்து மகளைக் கூப்பிட்டேன். வந்து பார்த்து, "ம்" என்றாள். போய் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். "பரவால்லம்மா" என்றாள். நான் ஆசைப்பட்டபடி தினமும் ஆறு மணிக்கு அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள், தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிறு காலை அந்தப் பெண் ராகி மாவு கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மகள் அவள் கையைப் பிடித்துத் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்தாள். மூத்த குட்டி எது, பயந்த குட்டி எது, எது எந்தப் பாசிக்குள் தூங்கும், எந்த நத்தை எப்போது கண்ணாடியில் ஏறும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை, நான் இல்லாத இரண்டு மணி நேரமும் அதையேதான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

என்னிடம் அவள் அதில் ஒன்றைக்கூடக் காட்டியதில்லை.