அண்ணனின் மீனெண்ணெய்ப் புட்டி

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவின் கோடியில் தோல் பதனிடும் கூடம் ஒன்று இருந்தது. பதனிட்ட தோலுக்கு எண்ணெய் பூசுவது என் தாய்மாமன் பணி. ஆதலால் மீனெண்ணெய் என்பது எங்கள் வீட்டார்க்கு மாமாவின் சட்டையில் வீசும் நாற்றம். அதனை மாந்தரும் உட்கொள்வர் என்று எவரும் கனவிலும் எண்ணியதில்லை.

என் அண்ணனுக்கு மஞ்சட்காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததில் நோய் தீர்ந்தது. அம்மா விதித்த பத்தியந்தான் தீரவில்லை. எண்ணெய், நெய், பால், ஈரல் யாவும் விலக்கு. ஓராண்டு கடந்தும் உப்பிட்டு அவித்த கீரையே அவருக்குக் கறி. கீரை கண்ணுக்கு நல்லதென்று அம்மா அதனைத் தட்டில் குவிப்பார். அத்தனையும் உண்ட அண்ணனுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை.

இதனை அவர் எவரிடமும் சொல்லவில்லை. ஜோலார்பேட்டையில் புகைவண்டி வேலைக்கு அவரை அழைத்திருந்தார்கள். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிய வேண்டிய வேலை. கண் சோதனையும் உண்டு. மாலையில் வெளியே புறப்பட்டால், "பாப்பா, வா" என்று என் கையைப் பற்றிக்கொள்வார். என்மேல் கொண்ட அன்பென்று நான் பெருமிதம் அடைந்தேன்.

ஒரு நாள் அந்தி நேரத்தில் குரங்காட்டி ஒருவன் வர, கையை உதறிவிட்டு ஓடினேன். தோல் கூடத்துக்கு ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டி எதிரே வந்தது. அண்ணன் நடுத்தெருவிலேயே நின்றார்.

"இன்னாய்யா, கண்ணு தெரியலயா? ஒரே பேஜாராப் போச்சு உன்னோட!"

வண்டிக்காரர் வசவாகச் சொன்னது மெய்யாகவே இருந்தது. மாடு இடித்துச் சாய்ந்தவரைத் தூக்கிய மாமாவிடந்தான் அண்ணன் முதன்முதலாக வாய் திறந்தார்.

மாமா அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பத்தியத்தை உடனே கைவிடச் சொல்லி, ஒரு புட்டி மீனெண்ணெயும் கொடுத்தனுப்பினார் மருத்துவர்.

"தோலுக்குப் பூசறத எம்புள்ள வாயில ஊத்தறதா? அவன் இன்னா ஆட்டுத்தோலா?" என்று அம்மா சீறினார்.

"இது மீன் ஈரல்ல எடுத்தது, வேற எண்ணெ. ஆனா தோல் கதையே கேளுக்கா. எத்தினி நாள் தண்ணில ஊறினாலும், காஞ்சா வெறைச்சிக்கும். எண்ணெ போட்டாத்தான் பதம் வரும். கீரைல கீற சத்தும் அப்படித்தானாம். எண்ணெ இருந்தாத்தான் ஒடம்புல ஒட்டும். நீ போட்ட கீரையெல்லாம் சும்மா போச்சு."

"அப்போ நான்தான் அவன் கண்ணக் கெடுத்தேன்றியா?"

மறுவேளை கீரையில் நெய் மிதந்தது.

கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்து பித்தநீரின் துணையால் குடலில் ஏறும் என்பதும், மிஞ்சியதை ஈரல் சேமித்துக்கொள்ளும் என்பதும், மங்கிய ஒளியில் விழிக்குத் துணைபுரிவது அதுவே என்பதும் பின்னாளில் நான் நூல்களில் கற்றவை. அன்று நான் அறிந்தது ஒன்றே: கண் தெளிந்தால் அண்ணன் ஜோலார்பேட்டைக்குப் போய்விடுவார். எனவே, பாதி குறைந்திருந்த புட்டியை எடுத்து, பகலிலும் இருள் விலகாத அடுப்பங்கரை மூலையில், விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மூன்று நாள் வீடே தேடியது. சோதனைக்கு இன்னும் நான்கே நாள்.

"தோலுக்குப் பத்தலன்னு எடுத்துனு போய்ட்டியா?" என்று அம்மா மாமாவையே ஐயுற்றார்.

"ஆமாங்க்கா, அந்த அரைப் புட்டிய வெச்சி ஒரு எருமைத் தோலையே முடிச்சிட்டேன்!" என்றார் மாமா.

அன்று அந்தியில் அம்மா விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தார். விறகெடுக்கக் குனிந்த அண்ணன், மூலைக்குள் தடவாமல் நேரே கைநீட்டிப் புட்டியைத் தூக்கினார்.

"பாப்பா, இது உன் வேலையா?"

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார், அந்த மூலையைப் பார்த்தார், கையிலிருந்த திரியைப் பார்த்தார்.

"வெளக்கே ஏத்தலயேடா... எப்பிடிடா கண்டே?"

திரி கீழே விழுந்தது. அண்ணனைக் கட்டிக்கொண்டு அம்மா அழுதார். அழுகைக்கு நடுவே சிரித்தார். வாயிலில் நின்ற மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருட்டு அகப்பட்டதற்கு ஒரு வீடே ஏன் இப்படிக் கொண்டாடுகிறது என்று விளங்காமல், வரப்போகும் அடிக்கு அஞ்சி நான் இன்னும் உரக்க அழுதேன்.