ஃப்ளாப்பிக்கு டேக் கட்டிய மாப்பிள்ளை

பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலிருக்கும் ஊரில் தினமும் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் நான். சிங்கப்பூர் வெயிலில் பஸ்ஸிலிருக்கும் அத்தனை பேரும் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, என் மடியில் மட்டும் ஒரு கம்பளி மடிப்பு உட்கார்ந்திருக்கும். நான் வேலை பார்க்கும் சரக்குக் கிட்டங்கிக்குள் இருப்பவை கம்ப்யூட்டர்கள். அவற்றுக்கு வியர்க்கக் கூடாது என்று உள்ளே எந்நேரமும் ஏ.சி. ஓடும். வேலைக்குச் சேர்ந்த அன்று பல் கிடுகிடுக்க, சீனரான எங்கள் சூப்பர்வைசரிடம் போய், “சார், டூ மச் கோல்ட்” என்றேன். அவர் என் தோளைத் தட்டி, “டோன்ட் வொரி, பாக்ஸ் ஓகே” என்றார். புதிதாக வந்தவனுக்குச் சரக்கின் மேல் எவ்வளவு அக்கறை என்று மற்றவர்களிடம் என்னைப் புகழ்ந்தும் பேசினாராம். குற்றாலச் சாரலில் நனைந்த துண்டோடு பஸ் ஏறி, தென்காசி வந்து சேர்வதற்குள் உடம்பிலேயே காயவைத்துக்கொண்டவன் நான். நூறு பெட்டிகளுக்குப் பார்த்து வைத்த குளிரில் இன்று நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கிட்டங்கியில் எனக்கு என்ன வேலை? பெட்டி கட்டுகிற வேலை. கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் இறக்கி, தெர்மோகோல் முட்டுக்கொடுத்து, கீபோர்டை ஒரு பக்கமும் ஒயர்களை மறுபக்கமும் சொருகி, டேப் ஒட்டி அனுப்ப வேண்டும். இதை இப்படி அச்சில் போட்டு உடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தென்காசியில் யார் வாசித்தாலும் நம்பப் போவதில்லை. அந்தத் தைரியம் எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதில் இங்கே வந்து எழுதிய முதல் கடிதத்தில், “கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது” என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அப்பா அதைத் தெருவில் வீடு வீடாக வாசித்துக் காட்டியிருக்கிறார். தெருமுனைக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது நான் இன்ஜினியர் ஆகிவிட்டிருந்தேன். அடுத்த கடிதத்திலேயே மறுத்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சும்மா சொல்லக் கூடாது, கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

எண்பத்தேழில் லீவுக்குப் போனபோது, மேலே கீறல் விழுந்ததால் கம்பெனி கழித்துக் கொடுத்த ஒரு கம்ப்யூட்டரை என் தங்கை கோமதிக்குக் கொண்டுபோனேன். கோமதி தென்காசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறாள். கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதன் ஹார்ட் டிஸ்க்கில் கம்பெனியே ஏற்றி அனுப்பியிருந்தது. நான் செய்ததெல்லாம் சுவிட்சைப் போட்டதுதான். திரையில் பச்சை எழுத்து வந்ததும் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். அடுத்த வாரமே இன்ஸ்டிட்யூட் வாசலில் புதுப் போர்டு ஏறியது. “சிங்கப்பூர் இன்ஜினியரின் நேரடி மேற்பார்வையில் கம்ப்யூட்டர் பயிற்சி.”

மறுவருஷம் ஆடியில் நான் ஊருக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் அந்த ஹார்ட் டிஸ்க் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. கோமதியின் புருஷன் ஆவுடையப்பன், ஆலங்குளத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அவர் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, செங்கோட்டை வழியாக ரயிலில் திருவனந்தபுரம் கொண்டுபோய், புது ஹார்ட் டிஸ்க் மாட்டி வந்திருந்தார். புதிது என்றால் வெறும் டிஸ்க். உள்ளே சிஸ்டம் கிடையாது. நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டியை வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

“கடைக்காரன் சிஸ்டத்த நானே ஏத்தித் தாரேன்னுதான் சொன்னான் மச்சான். நான் விடலயே! எங்க மச்சான் சிங்கப்பூர்ல இதே வேலைதான் பாக்காங்க, ஒன் கை அதுல படப்புடாதுன்னு சொல்லிட்டேன்.”

சிஸ்டம் ஏற்றுவதை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. “நல்ல காரியம் பண்ணினீங்க மாப்ளே” என்றேன்.

மறுநாள் காலையில் இன்ஸ்டிட்யூட் நிரம்பி வழிந்தது. புது பேட்ச் சேர வந்த பிள்ளைகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோர், பக்கத்து டீக்கடைக்காரர் எல்லாரும் இன்ஜினியர் வேலை பார்ப்பதைப் பார்க்க வந்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த ஃப்ளாப்பி டிஸ்க்குகளில்தான் சிஸ்டம் இருக்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். பெட்டியில் இடது பக்க இடுக்கில், பழுப்புக் கவரில், புத்தகத்தோடு இருக்கும். ஆயிரக்கணக்கில் சொருகிய கை அல்லவா! கண்ணை மூடிக்கொண்டு இடுக்கில் கையை விட்டேன். கவரைக் காணோம்.

“அதெல்லாம் பத்திரமா இருக்கு மச்சான்” என்று ஆவுடையப்பன் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். சிவப்பு நாடா கட்டிய அட்டை ஃபைல். மேலே அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் “பொருள்: கம்ப்யூட்டர். இணைப்புகள் ஏழு” என்றிருந்தது. பிரித்தால், கேரண்டி கார்டு, சுங்க ரசீது, புத்தகம், அவற்றோடு நான்கு ஃப்ளாப்பி. ஒவ்வொன்றிலும் இடது மேல் மூலையில் பஞ்சிங் மெஷினால் வட்டமாக ஓட்டை போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பச்சை டேக் கோத்து, வரிசை எண்ணும் எழுதியிருந்தார்.

“அய்யய்யோ!” என்று கோமதி தலையில் கை வைத்தாள். “என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? இதுல போயி யாராவது ஓட்டை போடுவாங்களா?”

“ஓட்டை போடாம எப்படி டேக் கட்ட? உதிரியா வச்சா தொலைஞ்சி போயிரும்லா? எங்க ஆபீஸ்ல…”

“ஒங்க ஆபீஸக் கொண்டு ஒடப்புல போடுங்க!”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைக்குமா? “எல்லாம் பாழாப்போச்சே” என்று உதட்டைப் பிதுக்கினால் போதும். இன்ஜினியர் தப்பித்துவிடுவார், பழி மாப்பிள்ளை மேல் போகும். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு காகிதம்கூடத் தொலைக்காமல் ஒரு வருஷம் காப்பாற்றிய மனுஷன், பிள்ளைகள் முன்னால் கூனிக்குறுகி, டேக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணும் ஆகல” என்றேன். “கவர்தான் சதுரம். உள்ள இருக்க தகடு வட்டம். மூலையில ஒண்ணுமே கிடையாது. பேக் பண்ணும்போது கவர் கிழிஞ்சி போனத நான் எத்தனை பாத்திருக்கேன்!”

ஆவுடையப்பனுக்கு மூச்சு வந்தது. “பாத்தியா! மூலை பாத்துதான் போட்டேன்” என்று நிமிர்ந்துகொண்டார். ‘பேக் பண்ணும்போது’ என்று நான் உளறியதை வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் முழுக்க டைப் அடித்ததில் ஒரேயொரு எழுத்துப் பிழையை அரை நிமிஷத்தில் பிடிக்கிறவள் கோமதி. அவள் என்னையே பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “அண்ணன் வேலை பாக்கயில யாரும் பக்கத்துல நிக்கப்புடாது. அஞ்சருவியில தண்ணி நல்லா விழுதாம். எல்லாரும் போயிக் குளிச்சிட்டு மத்தியானமா வாங்க” என்றாள். புருஷனையும் அவர்களோடு தள்ளிவிட்டாள்.

கதவைச் சாத்தியதும் கேட்டாள். “அண்ணே, அங்கன நீ என்ன வேலை பாக்க?”

“பெட்டி கட்டுதேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து வாசித்தாள். “ஒண்ணாம் நம்பர் டிஸ்க்கப் போடு” என்றாள். போட்டேன். திரையில் A என்ற எழுத்து வந்து நின்று கண்ணடித்தது. அவள் புத்தகத்தைப் பார்த்துப் பத்து விரலாலும் அடித்தாள். அவள் எடுக்கச் சொன்னபோது எடுத்தேன், சொருகச் சொன்னபோது சொருகினேன். ஓட்டை போட்ட ஃப்ளாப்பி ஒவ்வொன்றும் சமர்த்தாக ஓடியது. பாதியில் கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கை கொடுத்தது. கோமதி கையை எடுத்துவிட்டாள்.

“உள்ள இருக்கதெல்லாம் அழிஞ்சி போயிருமாம். சம்மதமான்னு கேக்கு.”

“போறதுக்கு அதுல என்ன இருக்கு? சம்மதம்னு சொல்லு.”

அது தன்னைத்தானே துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. சும்மா இருந்த அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. “எட்டு வருஷம்! எனக்காவது சொல்லியிருக்கலாம்லா? போர்டெல்லாம் எழுதி வச்சி கோமாளி மாதிரி நிக்கேன்.”

“அப்பா தெரு முழுக்கச் சொல்லிட்டாரு. அவரு சந்தோசத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?”

“அப்பா போயி மூணு வருஷம் ஆச்சே. அப்புறம் யாரு ஒன் வாயைக் கட்டினது?”

வெட்கமாக இருந்தது. தங்கச்சி முன்னால் அழக் கூடாது என்று அடுத்த ஃப்ளாப்பியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். “தேச்சது போதும், போடு” என்றாள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஃப்ளாப்பியை வெளியே எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டோம். ஹார்ட் டிஸ்க் தானாகவே எழுந்து C என்று காட்டியது. கோமதி ஸ்டூலிலிருந்து ஒரு குதி குதித்தாள்.

அருவியில் குளித்த கூட்டம் ஈரத் தலையோடு திரும்பி வந்து திரையைப் பார்த்தது. ஆவுடையப்பன், “நான் சொன்னேம்லா!” என்று எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார். பாராட்டு என் பக்கம் திரும்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் போய் நின்று, “நான் ஒண்ணும் பண்ணல. எல்லாம் பண்ணினது கோமதிதான். நான் அங்கன பெட்டிதான் கட்டுதேன்” என்று சத்தமாகவே சொன்னேன்.

பிறகு ஒரு பிள்ளையின் அப்பா, வத்தல் வியாபாரி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பாத்தியளா, என்னா அடக்கம்! ரேடியோ பெட்டியத் திருகத் தெரிஞ்சவன்லாம் நம்மூர்ல என்னா பேச்சு பேசுதான்!” என்றார்.

“எங்க மச்சான் எப்பவும் இப்படித்தான். பெருமை பேசவே மாட்டாங்க” என்றார் மாப்பிள்ளை.

“அண்ணாச்சி, நெசமாவே பெட்டிதான் கட்டுதேன்” என்று நான் சொல்லச் சொல்ல, அவர்களுக்கு என் மேல் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. கோமதி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தால், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே பேட்ச் நிரம்பிவிட்டது.

லீவு முடிந்து இங்கே திரும்பியதும், செத்துப்போன கம்ப்யூட்டரில் சிஸ்டம் ஏற்றிய கதையைச் சூப்பர்வைசரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யூ? வெரி குட் ஜோக் லா” என்று சொல்லி, கையில் ஒரு டேப் உருளையைத் தந்துவிட்டுப் போனார்.

போன மாதம் கோமதியிடமிருந்து கடிதம் வந்தது. பேட்ச் நன்றாக நடக்கிறது, மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருந்தாள்: “அண்ணே, ஒரு பெட்டி எவ்வளவு கனம் இருக்கும்? குனிஞ்சு நிமிர்ந்து முதுகு வலிக்கா? தைலம் கொடுத்து விடட்டுமா?”

எட்டு வருஷமாக ஊரிலிருந்து வந்த கடிதங்களில் மழை, கல்யாணம், சாவு எல்லாம் இருந்தன. என் முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இன்ஜினியருக்கு முதுகு வலிக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, கிட்டங்கியில் இரண்டு பெட்டி அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, அன்று தங்கச்சி முன்னால் அடக்கியதை எல்லாம் அழுது தீர்த்தேன்.

இப்போதெல்லாம் ஒரே கவரில் இரண்டு கடிதம் வைத்து அனுப்புகிறேன். பெரியது மாப்பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டுவதற்கு. சின்னது நாலாக மடித்தது, கோமதிக்கு மட்டும். பெரிய கடிதத்தில் எல்லாரும் நலமா என்று கேட்டு, நானும் நலம் என்று எழுதுகிறேன். சின்னதில் எனக்கு முதுகு வலிக்கிறது.