தவறாமல் பூசைக்கு வருபவர்

மயிலாப்பூரில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்தேன். ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாண ஓலை, கல்லறைச் சீட்டு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பதிவேட்டை எப்படி நிரப்புவது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது கடிதங்களைப் பற்றி.

1. பேனா மூடியைத் திறக்காத பாதர்

பாதர் அமல்தாஸ் பொறுப்பேற்ற மறுநாள் காலை, நான் கையெழுத்துக்கு வைத்த பதினோரு கடிதங்களும் வைத்த மாதிரியே என் மேசைக்குத் திரும்பி வந்தன. பேனா மூடியைக்கூட அவர் திறக்கவில்லை.

அது மே மாதம், பள்ளிக்கூட அட்மிஷன் நேரம். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. அதற்குப் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். வருடம் முழுக்கக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அந்த ஒரு மாதம் எங்கள் வராந்தாவில் பக்தியோடு உட்கார்ந்திருப்பார்கள். என்னிடம் ஒரே ஒரு ஃபார்மட் இருந்தது. பெயரை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுத்தால் போதும். ‘இவர் தவறாமல் ஞாயிறு பூசைக்கு வருபவர் என்று எனக்குத் தெரிந்த வரையில் சான்றளிக்கிறேன்’ என்பது அதன் நடு வரி. ‘எனக்குத் தெரிந்த வரையில்’ என்பதை முன்பிருந்த ஒரு பாதர் சேர்த்தார். தெரியாமல் சொல்வது பொய் ஆகாது என்பது அவர் கணக்கு. அதனால் எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார்.

பாதர் அமல்தாஸ் வேறு மாதிரி. பதினைந்து வருடம் செமினரியில் அறநெறி இறையியல் சொல்லிக்கொடுத்தவர். காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டால்கூட இரண்டு பக்கத்தையும் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அதற்குள் காபி ஆறிவிடும்.

“ஸ்டெல்லா, இந்தப் பதினோரு பேர்ல ஒருத்தரைக்கூட எனக்குத் தெரியாதே. நேத்துதானே வந்தேன்” என்றார்.

“நீங்க கையெழுத்துப் போட்டா போதும் பாதர். தெரியணும்னு அவசியம் இல்ல.”

“அப்ப என் கையெழுத்து எதுக்கு?”

இருபது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

அன்றைக்கே ஒரு பழைய அறிக்கைத்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு எனக்கு வகுப்பு எடுத்தார். ஒரு காரியம் சரியா தவறா என்று பார்க்க மூன்று கேள்வி கேட்க வேண்டுமாம். செய்கிற செயல் என்ன, செய்கிறவரின் நோக்கம் என்ன, சூழ்நிலை என்ன. மூன்றும் சரியாக இருந்தால்தான் காரியம் சரி. ஒன்று கெட்டாலும் கெட்டதுதான். நான் தலையாட்டினேன். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசிவிட்டு, தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதச் சொன்னார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவருக்கு நான் டைப் செய்த கடிதம் இப்படி இருந்தது: ‘இவரை நான் இரண்டு ஞாயிறு பார்த்தேன். இரண்டு முறையும் கார் நிறுத்தும் இடத்தில், போன் பேசிக்கொண்டிருந்தார்.’ அவர் அதைப் படித்துவிட்டு, உள்ளே வந்த மாதிரி எழுதக்கூடாதா என்று பரிதாபமாகக் கேட்டார். அடுத்த ஞாயிறு உள்ளே வந்தால் திங்கட்கிழமை அப்படியே எழுதித் தருவதாகப் பாதர் சொன்னார். மனிதர் வந்தார், முதல் பெஞ்சில். அடையாறிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு, ‘பாடகர் குழுவில் பாடுகிறார். நல்ல குரல். ஒத்திகைக்கு வருவதில்லை’ என்று போனது.

கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் முணுமுணுப்பு கிளம்பியது. பாதரிடம் நேரில் கேட்க எல்லோருக்கும் பயம். அதனால் என்னைத்தான் பிடித்தார்கள். எனக்கும் எரிச்சல்தான். வராந்தாவில் வரிசை நீண்டுகொண்டே போனது.

2. மூன்றில் இரண்டு

ஒரு புதன்கிழமை பாதர் ஆயர் இல்லத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தபோது பிலோமினா வந்தாள். எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, இங்கேயே கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, இங்கேயே தாலி கட்டிக்கொண்டவள். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தாள். குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீடுதான் அங்கே போனது, வேலை இங்கேயே இருந்தது. தினமும் விடிவதற்கு முன் பஸ் ஏறி வந்து, மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலுமாக ஐந்து வீடுகளில் சமைத்துவிட்டுத் திரும்புவாள். கணவன் இறந்து நாலு வருடம். மகள் ஜெனிபர் பத்தாவது பாஸ் செய்திருந்தாள். பதினொன்றாவதுக்கு இங்கே சிஸ்டர்கள் பள்ளியில் அப்ளிகேஷன் வாங்கியிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் கடைசி.

பிலோமினா என்னிடம் பொய் எதுவும் கேட்கவில்லை. ஒரு லெட்டர் வேண்டும் என்றாள், அவ்வளவுதான். முறைப்படி அது பெரும்பாக்கம் பக்கத்துப் பங்கிலிருந்து வர வேண்டும். அங்கே இருக்கும் பாதருக்கு இவளை யாரென்றே தெரியாது. எங்கள் பாதரின் புது முறைப்படி எழுதினால், ‘இவர் ஞாயிறு பூசைக்கு வருவதில்லை’ என்று எழுத வேண்டும். அவள் வருவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் யோசித்தேன். பாதர் சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விகளையும் கேட்டேன். செயல்: பொய்தான், ஆனால் சின்னது. நோக்கம்: தங்கமான நோக்கம். சூழ்நிலை: நாளைக்குக் கடைசி நாள். மூன்றில் இரண்டு தேறிவிட்டது. நான் படித்த காலத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தாலே பாஸ். போதாததற்கு எட்டாம் கட்டளையையும் துணைக்குக் கூப்பிட்டேன். அது பிறருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்வதைத்தானே தடுக்கிறது? நான் சொல்லப்போவது பிறருக்கு ஆதரவாக. ஒரு செமினரிப் பேராசிரியரோடு ஒரு மாதம் வேலை பார்த்ததில் என் மூளை இப்படியெல்லாம் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

பழைய ஃபார்மட்டைத் திறந்தேன். பெயரை மாற்றினேன். பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்கு வைத்திருந்த கடிதக் கட்டின் நடுவில் செருகினேன். தான் இல்லாத நாளில் வருகிறவர்களை என்னையே விசாரித்து எழுதச் சொல்லியிருந்த பாதர், திரும்பி வந்ததும், எல்லோரையும் விசாரித்தாயிற்றா என்று கேட்டார். “பார்த்துட்டேன் பாதர்” என்றேன். பார்த்தது உண்மைதானே. அவர் என்னை நம்பி, வரிவரியாகப் படிக்காமல் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதம் வந்தபோது நான் ஜன்னல் வழியே வாதாம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. திரும்பி வந்தவள்

மறுநாள் காலை அலுவலகக் கதவைத் திறக்கும்போதே பிலோமினா வாசலில் நின்றாள். முதல் வீட்டில் டிபன் முடித்துவிட்டு இரண்டாவது வீட்டுக்குப் போகிற வழி. கையில் அந்தக் கடிதம்.

“மேடம், இதுல நான் ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்கு வர்றேன்னு எழுதிக்கீது. பொண்ணு படிச்சிக் காட்டுச்சு. நான் எங்க மேடம் வர்றேன்?”

எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவது, அதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சமாதானம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

“யாரு பாக்காங்காட்டியும் எம் பொண்ணு பாத்துட்டாளே மேடம். பொய் சொன்னா வாய்ல சூடு வச்சிருவேன்னு தெனம் அவளாண்ட சொல்லிக்கினு இருக்கிறவ நானு. இத்த எடுத்துக்கினு போய் சிஸ்டராண்ட குடுத்தா, பக்கத்துல நிக்கிறவ என்னைய இன்னான்னு நெனப்பா? நீயே சொல்லு.”

அவளுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்து வந்திருந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. காலைப் பூசை முடித்து வந்த பாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நான்தான் நடுவில் செருகினேன் என்று சொல்லி, அந்த மூன்றில் இரண்டு கணக்கையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் கணக்குத் தப்பு என்றார். நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொய்யை அது உண்மையாக்கிவிடாதாம். அதோடு நான் மூன்றாவது கட்டத்தைச் சரியாகவே நிரப்பவில்லையாம். ‘நாளைக்குக் கடைசி நாள்’ என்பது ஒரு தேதிதான், பிலோமினாவின் சூழ்நிலை அவளிடம் கேட்டால்தானே தெரியும் என்றார்.

பேனா மூடியைத் திறந்துகொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் வர முடிவதில்லை என்று கேட்டார். ஒரு வீட்டில் பிரியாணி, ஒரு வீட்டில் விருந்தாளி, கடைசி வீட்டில் பாத்திரம் கழுவி முடிக்க இரண்டரை மணி ஆகிவிடும் என்றாள். கோயில் பூசை முடிகிற நேரத்தில் அவள் மூன்றாவது வீட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாளாம். மற்ற நாட்களில்? பஸ்ஸிலிருந்து இறங்கி வேலைக்குப் போகிற வழியில் கோயில் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவாளாம். உள்ளே வந்தால் நேரமாகிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பூசை இருக்கிறதே என்றேன் நான். அதற்கு நின்றால் வீடு போய்ச் சேர ஒன்பதரை ஆகும், பொண்ணு தனியாக இருக்கிறாள் என்றாள்.

“நீங்க மூணு மணிக்கு வைங்க பாதர், வர்றேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

பாதர் சிரிக்கவில்லை. “கடமை கடமைன்னு பதினஞ்சு வருஷம் சொல்லிக்குடுத்தேன் ஸ்டெல்லா. எத்தனை மணிக்குன்னு ஒரு நாளும் யோசிக்கல” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் புதுக் கடிதத்தை டைப் செய்தேன். ‘பிலோமினா இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். ஞாயிறன்று ஐந்து வீடுகளில் சமைப்பதால் பூசைக்கு வருவதில்லை. தினமும் காலையில் கோயில் வாசலில் நின்று செபித்துவிட்டுப் போவதாகச் சொல்கிறார், நான் நம்புகிறேன். இன்று வரை இது எனக்குத் தெரியாமல் இருந்தது என் குறை. தமக்குச் சாதகமாக இருந்த ஒரு பொய்க் கடிதத்தை இன்று காலை திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். இதை நான் நேரில் பார்த்தேன்.’

பிலோமினா அதை ஒரு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு இரண்டாவது வீட்டுக்கு ஓடினாள். அங்கே அரை மணி நேரம் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள் என்று பிறகு தெரிந்தது.

4. மூன்று மணிப் பூசை

அன்று சாயங்காலம் பள்ளியின் தலைமை சிஸ்டர் போன் செய்தார். கோயிலுக்கு வருவதில்லை என்று சொல்லும் சிபாரிசுக் கடிதத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாராம். கடிதம் உண்மையா, யாராவது விளையாடுகிறார்களா என்று கேட்டார். உண்மை என்றார் பாதர். ஜெனிபர் கேட்டது பயாலஜி குரூப், கிடைத்தது காமர்ஸ். மார்க் அவ்வளவுதான் இருந்தது. பாதர் கடிதம் மார்க்கைக் கூட்டாது. அழுதுகொண்டே சேர்ந்தவள் இப்போது ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்கிறாள்.

அந்த வாரம் சனிக்கிழமை நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதரிடம் பொய் சொன்னேன் என்றேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, “எந்தப் பாதர்கிட்ட?” என்று கேட்டது அதே குரல். அபராதமாக, இனிமேல் ஞாயிறு மூன்று மணிப் பூசைக்கு வந்து வாசகம் படிக்க வேண்டும் என்றார். அப்படி ஒரு பூசை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்ததே அப்போதுதான்.

பேரவையில் சண்டை. நம் ஊர் வெயிலில் மூன்று மணிக்கு யார் வருவார்கள் என்றார் துணைத்தலைவர். பிலோமினா வருவார் என்றார் பாதர்.

முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டு செக்யூரிட்டிகள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நர்ஸ், மீதி சமையல்காரப் பெண்கள். பிலோமினா வரவில்லை. நாலாவது வீட்டில் திடீர் விருந்தாளி. பாதர் மனச்சாட்சியைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பிரசங்கம் செய்தார். மின்விசிறிக்குக் கீழே ஒன்பது பேரும் தூங்கிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பிலோமினா மகளோடு வந்தாள். நான் முதல் வாசகத்தை முடிப்பதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. ஜெனிபர் எழுப்பப் போனாள். பாதர் பீடத்திலிருந்தே வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பிரசங்கத்தை நாலு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்ட மிகச் சின்னப் பிரசங்கம் அது. நல்ல பிரசங்கமும்கூட.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பொய் தவறு என்று எனக்கு முன்பே தெரியும், எட்டு வயதில் ஞானோபதேச வகுப்பிலேயே மனப்பாடம். தெரியாமல் இருந்தது வேறு. பிலோமினாவிடம் எனக்கு இரக்கம் இருந்தது, மரியாதை இல்லை. கஷ்டப்படுகிறவள், எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். ஒருவருக்கு நல்லது என்று நாம் நினைப்பதைச் செய்வதற்கு முன், அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்டிருந்தால் எனக்கு அந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, பிரிண்ட் எடுப்பதற்கு முன் கம்ப்யூட்டர் திரையை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பி, எழுதியிருப்பது உண்மைதானா என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் நெளிவார்கள். மண்டபம் கட்ட நன்கொடை கொடுத்த ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார்.

“‘தவறாமல்’ங்கிறதை எடுத்துடுங்க மேடம். ‘அப்பப்ப’ன்னு போட்டுக்கோங்க” என்றார்.

அப்படியே போட்டேன். அவர் பேரனுக்கும் சீட் கிடைத்தது.