பம்பு விற்க மறுத்த கடைக்காரர்

விற்பதற்கென்று கடை திறந்தவன் விற்க மாட்டேன் என்றால் எனக்குச் சந்தேகத்தில் முதுகு கூசும்.

என் பழைய கார், எங்கள் பேச்சில் காடி, கெலுகோர் வீட்டில் கிளம்பும்போது சமர்த்தாக ஓடும். பாதி வழியில் மூச்சை விட்டுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும்.

"இன்னொரு தடவ ரோட்ல நின்னுச்சு, வித்துருவேம்மா" என்று மகன் சொல்லிவிட்டான். காடி போனால் கோயிலுக்கும், காய்கறி வாங்கப் பசாருக்கும் நான் மருமகள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அது அவளுக்கும் நல்லதில்லை.

பழுது பார்க்கும் ஆள், பெட்ரோலை இழுக்கும் பம்பு போய்விட்டது, புதுசு வாங்கிட்டு வாங்க என்றார். பஸ் ஏறி லிட்டில் இந்தியா பக்கம், பழைய கார் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நரைத்த தாடிக்காரர். என் காடியைப் பார்க்கும்போதெல்லாம் "விக்கிறீங்களாக்கா?" என்று கேட்பவர். என் வயதுக்கு அக்கா என்று கூப்பிடுகிறவரைக் கண்டால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

"காடி பாதி வழியில நிக்குது, கொஞ்ச நேரம் விட்டா ஓடுது. பெட்ரோல் பம்பு இருக்கா தம்பி?"

"இருக்குக்கா. உங்களுக்குத் தர மாட்டேன்."

"ஏன், என் காசுல பூரான் ஓடுதா?"

"கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுதுல்ல? அப்ப பம்பு மேல எனக்குச் சந்தேகம் இல்ல. அடுத்த தடவ நின்னா, பெட்ரோல் ஊத்துற மூடியத் தொறந்து பாருங்க. உஸ்ஸுன்னு காத்த இழுத்துச்சுன்னா மூடில இருக்குற சின்ன ஓட்ட அடைச்சிருக்கு. காத்து உள்ள போகாம பெட்ரோல் வராதுலா. சத்தம் வரலன்னா வாங்க, பம்பு தர்றேன்."

பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பம்பு இல்லாவிட்டால் காடி நிற்கும். நின்றால் மகன் விற்பான். விற்றால் வாங்கப்போவது யார்? தாடிக்காரர்தான்! அக்காவாம் அக்கா.

மறுநாள் மகனுக்குத் தெரியாமல் ஓட்டிப் போனேன். ஜெலுத்தோங் ரோட்டில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க, இறங்கிப் போய் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்ஸ்! என் மாமியார் காப்பி உறிஞ்சிய அதே சத்தம்.

மூடியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். ஓட்டையைக் காணோம். அதன் மேல் சந்தனமும் குங்குமமும் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தன. ஆயுத பூசைக்கு எல்லாரும் ஸ்டீரிங்குக்கும் டயருக்கும் பொட்டு வைப்பார்கள். நான் காடியின் வாய் பட்டினி கிடக்கக் கூடாது என்று மூடிக்கும் வைப்பேன். சாமிப் பொட்டை அழிக்கலாமா? வருஷா வருஷம் பொட்டு மேல் பொட்டு.

கொண்டை ஊசியால் குத்திச் சுரண்டினேன். காடி நிற்காமல் வீடு வந்தது. "மூச்சடைப்பு, சரியாப் போச்சு" என்று மட்டும் மகனிடம் சொன்னேன். விற்கும் பேச்சை அவன் விட்டான். என் சந்தேகம்தான் விடவில்லை. காடியிலேயே கடை வாசலுக்குப் போய், பொட்டு அடைத்த கதையைச் சொன்னேன்.

"உண்மையச் சொல்லு தம்பி. வந்த வியாபாரத்த ஏன் வேணாம்னே?"

அவர் சிரித்தார். "புதுப் பம்பு போட்டாலும் நின்னிருக்கும்க்கா. உங்க மகன் வித்திருப்பாரு. பழைய காடி வாங்குறவன் ஓட்ட மாட்டான், அழகுக்குத் துணி போட்டு மூடி வச்சிருவான். ஓடாத காடிக்கு எவன் வந்து சாமான் வாங்குவான்?"

"அப்ப விக்கிறீங்களான்னு என்னக் கேக்குறது?"

"அது ஆச. இது வியாபாரம்."

அப்பாடா. சொல்பவருக்கும் ஆதாயம் இருக்கும் உண்மையென்றால் நம்பலாம்.

"அடுத்த பூசைக்கு ஓட்டைக்குப் பக்கத்துல வைங்க, சாமி கோச்சுக்காது. ஆமா, முன் சக்கரத்துல பிரேக் எண்ண கசியுது பாருங்க. ரப்பர் மாத்தணும்."

குனிந்து பார்த்தேன். கசிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் விரலால் தொட்டு, மோந்து பார்த்த பிறகுதான் பையைத் திறந்தேன்.